மலைக்கு எந்தக் காந்தம்? புது ஸ்பீக்கர் வாங்கும் முன் ஒரு கணக்கு

பண்ணைக்காட்டில் மைக்செட் வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் போன தை மாதம் பட்டறைக்கு வந்தான். காப்பி விற்ற பணம் கையில் இருந்தது.

"அண்ணே, நாலு டாப்பு, ரெண்டு பேஸு மாத்தணும். ஃபெரைட்டே போதுமா, நியோ போட்டுறலாமா? கடையில இனிமே எல்லாம் நியோதாங்கிறாங்க."

கொடைக்கானலில் ஸ்பீக்கர் ரிப்பேர் செய்து பிழைக்கும் எனக்கு இது புதுக் கேள்வி இல்லை. ஃபெரைட், நியோ (நியோடிமியம்) இரண்டும் ஸ்பீக்கரில் போடும் காந்த வகைகள். டாப் என்பது பேச்சும் பாட்டும் வரும் பெட்டி, பேஸ் என்பது அடியோசை வரும் பெட்டி. கேட்டவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லிப் பார்த்ததில், ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. இந்த முறை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மலையில் தொழில் செய்கிறவருக்கு டாப் பெட்டியில் நியோ, பேஸ் பெட்டியில் ஃபெரைட். வீட்டில் ஆல்நிகோ என்ற பழைய வகைக் காந்தம் போட்ட குழாய் ஒலிபெருக்கி யூனிட் கிடந்தால் அதை எடைக்குப் போட வேண்டாம். கீழே வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ இருப்பவர் என்னைக் கேட்டால் இதே பதிலைச் சொல்லியிருக்க மாட்டேன். இங்கே ரோடும் பனியும் காற்றும் வேறு.

சரி, காந்தம் என்ன செய்கிறது என்பதிலிருந்து வருவோம். ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் கனமாகத் தெரியும் வட்டத்தை எல்லோரும் காந்தம் என்று கைகாட்டுவார்கள். "காந்தம் பெருசா இருந்தா சத்தம் பெருசு" என்பது நம் தொழிலில் வேதவாக்கு. ஆனால் கோனை, அதாவது முன்னால் ஆடும் கூம்பை, ஆட்டுவது அந்த வட்டம் நேரடியாக இல்லை. வட்டத்துக்கு மேலும் கீழும் இரும்புத் தட்டுகள், நடுவில் ஒரு இரும்புக் கம்பம். மேல்தட்டுக்கும் கம்பத்துக்கும் நடுவே மெல்லிய வளைய இடைவெளி. அந்த இடைவெளியில்தான் கோனோடு ஒட்டிய கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் தொங்குகிறது. காந்தத்தின் பலத்தை இரும்பு வாங்கி அந்த இடைவெளியில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. கோனைத் தள்ளும் விசை மூன்றைப் பொறுத்தது: இடைவெளியில் இருக்கும் புலம், அதற்குள் இருக்கும் கம்பியின் நீளம், அதில் ஓடும் மின்னோட்டம். மூன்றையும் பெருக்கினால் வருவதுதான் விசை.

நல்ல மைக்செட் ஸ்பீக்கரில் அந்த இடைவெளியில் 1 முதல் 1.5 டெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் அலகு) வரை புலம் இருக்கும். இரும்புக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. 2 டெஸ்லாவைத் தாண்டும் இடத்தில் அது நிறைந்துவிடும். அதற்கு மேல் பின்னால் எவ்வளவு பெரிய காந்தத்தை ஒட்டினாலும் இடைவெளிக்குள் பெரிதாக ஒன்றும் ஏறாது. மேல்தட்டு மெலிதாகவும் இடைவெளி அகலமாகவும் இருக்கும் மலிவு ஸ்பீக்கர்களில் இதைவிட மோசம். காந்தம் தாம்பாளம் அளவுக்கு இருக்கும். பலமெல்லாம் வெளியே கசிந்து, ஸ்க்ரூ டிரைவரை இழுக்க மட்டும் உதவும். ஆகவே காந்தத்தை எடை போட்டு வாங்காதீர்கள்.

கருவி இல்லாமல் சோதிக்க ஒரு வழி உண்டு. கடையில் கூச்சப்படாமல் செய்து பாருங்கள். ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபயரில்) மாட்டாத ஸ்பீக்கரை மடியில் வைத்து, கோனின் நடுவே விரலால் லேசாகத் தட்டுங்கள். 'தொம்' என்று கொஞ்சம் நீண்டு கேட்கும். இப்போது பின்னால் இருக்கும் இரண்டு டெர்மினலையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு மறுபடி தட்டுங்கள். மோட்டார், அதாவது காந்தமும் காயிலும் சேர்ந்த அமைப்பு, பலமாக இருந்தால் 'டப்' என்று அங்கேயே செத்துவிடும். இரண்டு கையாலும் கோனைச் சமமாக அழுத்தினால் எண்ணெய்க்குள் அமுக்குவதுபோல் தடுக்கும். காயில் நகரும்போது அதிலேயே மின்சாரம் பிறந்து, அதுவே பிரேக் போடுகிறது. ஒரே அளவு, ஒரே ஓம் உள்ள இரண்டு ஸ்பீக்கரை அடுத்தடுத்து இப்படிப் பார்த்தால், லேபிளில் எழுதியிருக்கும் வாட்ஸைவிட இந்தத் தட்டு உண்மையைச் சொல்லும்.

தம்பியின் பழைய பேஸ் பெட்டியில் இருந்த குறையும் இதுதான். தவில் அடித்தால் அடி ஒன்று, அதற்குப் பின்னால் வால்போல ஒரு குழைவு. ஒயரை இணைத்துத் தட்டினேன்; தொம் தொம் என்றே நின்றது. காந்தம் பத்தவில்லை, பிரேக் பிடிக்கவில்லை. இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. மிகப் பலமான மோட்டாரைக் கண்டபடி ஒரு பெட்டியில் போட்டால் அடி கச்சிதமாக விழும், ஆனால் ஆழம் மெலிந்துவிடும். காந்தம் கூடினால் பேஸ் கூடும் என்பது சரியல்ல. காந்தத்துக்குத் தகுந்த பெட்டியும், அதில் காற்று போய்வரத் தகுந்த துளையும் வேண்டும். பெட்டியை ஆசாரியிடம் அடிக்கக் கொடுக்கும்போது ஸ்பீக்கர் கம்பெனி கொடுத்திருக்கும் அளவை அப்படியே கொடுத்துவிடுங்கள்.

இனி மலையின் கணக்கு. இதைச் சொன்னால் நம்மாட்கள் நம்ப மறுக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். கொடைக்கானல் ஏறத்தாழ 2100 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நாலில் மூன்று பங்கைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். பால் சீக்கிரம் பொங்குவதற்கும் பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதற்கும் இதுதான் காரணம். ஸ்பீக்கரையும் இது விடுவதில்லை. கோன் அதே வேகத்தில் ஆடினாலும் தள்ளுவதற்கு முன்னால் இருக்கும் காற்று மெலிதாக இருக்கிறது. கடலோர ஊரில் அளந்த அளவைவிட இங்கே சத்தம் ஏறத்தாழ 2 டெசிபல் குறையும். வத்தலக்குண்டோடு ஒப்பிட்டால்கூட 1 டெசிபலுக்கு மேல் குறையும். 2 டெசிபலைத் திரும்பப் பிடிக்க ஆம்ப் ஒன்றரை மடங்குக்கும் மேல் வாட்ஸ் கொடுக்க வேண்டும்.

அதாவது லேபிளில் '1 வாட்டுக்கு 1 மீட்டரில் 97 டெசிபல்' என்று போட்டிருந்தால் மலையில் அது 95 மாதிரிதான். 94 போட்டிருப்பது 92. மூன்று டெசிபல் கூடுதலாக இருந்தால் அதே சத்தத்துக்கு ஆம்ப் பவர் பாதி போதும். ஜெனரேட்டரில் ஓட்டும் இடங்களில் இது நேராகப் பெட்ரோல் செலவு. ஆகவே மலைக்கு வாங்கும்போது வாட்ஸைப் பார்ப்பதற்கு முன் அந்த டெசிபல் எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணைத் தூக்குவதில் இடைவெளியில் இருக்கும் காந்தப் புலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கோன் எவ்வளவு லேசு என்பதற்கும் அதே அளவு பங்கு உண்டு.

இப்போது ஒவ்வொன்றாக வருவோம்.

ஃபெரைட் என்பது இரும்பு ஆக்சைடோடு பேரியமோ ஸ்ட்ரான்சியமோ சேர்த்துச் சுட்டெடுத்த ஒரு வகை ஓடு. 1950களின் தொடக்கத்தில் ஹாலந்தின் பிலிப்ஸ் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விலை குறைவு. அதில் இருக்கும் இரும்பு ஏற்கெனவே துருவாகிவிட்ட இரும்பு என்பதால் இனித் துருப்பிடிக்க வழியில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் வெயிலே பார்க்காமல் மூட்டம் படிந்து கிடக்கும் நம் ஊருக்கு இது சாதாரண விஷயம் இல்லை. சுற்றியிருக்கும் இரும்புத் தட்டு துருப்பிடிக்கும், காந்தம் பிடிக்காது.

சூட்டில் இதன் குணம் வேடிக்கையானது. ஒரு டிகிரி ஏறினால் பலத்தில் 0.2 சதவீதம் இறங்கும். கச்சேரி நடுவில் காந்தம் 40 டிகிரி சூடேறினால் 8 சதவீதம் போய்விடும். காதுக்கு அது முக்கால் டெசிபல். ஆனால் ஆறியதும் முழுதாகத் திரும்பி வந்துவிடும். மார்கழிக் குளிரில் ராத்திரி 5 டிகிரியில் வைத்தால், சமவெளியின் 30 டிகிரியில் இருப்பதைவிட 5 சதவீதம் பலம் கூடுதலாகவே இருக்கும். மெல்லிய காற்று எடுத்துக்கொண்டதில் ஒரு துளியைக் குளிர் திருப்பித் தருகிறது.

ஃபெரைட்டின் குறை எடை. அதன் பலம் குறைவு என்பதால் அகலமாக, கனமாகப் போட வேண்டும். 15 இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று 8 கிலோவிலிருந்து 11 கிலோ வரை வரும். எடை இருந்தால் தூக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். நான் சொல்வது அது இல்லை. மேல்தட்டு, காந்தம், கீழ்த்தட்டு மூன்றும் பசையால் ஒட்டப்பட்டவை. பெட்டி ஒருமுறை ஜீப்பின் பின்கதவிலிருந்து நழுவி விழுந்தால், அத்தனை கிலோவும் ஓர் உதறு உதறும். பசை விட்டு காந்தம் மயிரிழை நகரும். காயிலுக்கும் இரும்புக்கும் நடுவே இருப்பது அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடம். அப்புறம் காயில் உரசும், கரகரக்கும், ஒரு நாள் கருகும். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போய்வந்த பெட்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். கோன் கிழிந்தால் மாற்றிவிடலாம். காயில் எரிந்தால் சுற்றிவிடலாம். காந்தம் நகர்ந்தால் பெரும்பாலும் அந்த ஸ்பீக்கருக்கு விடைகொடுக்க வேண்டியதுதான். காந்தம் ஏறிய நிலையில் தட்டைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவருவது அவ்வளவு கஷ்டம்.

நியோடிமியம் காந்தம் 1980களின் தொடக்கத்தில் வந்தது. ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆட்களும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் கண்டுபிடித்தார்கள். ஒரே கன அளவுக்கு ஃபெரைட்டைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி. அதற்காக ஸ்பீக்கர் எடை பத்தில் ஒன்றாகிவிடாது. இரும்பும், கோனைத் தாங்கும் கூடையும் அப்படியேதானே இருக்கின்றன. 15 இஞ்ச் ஸ்பீக்கர் பாதியளவு எடைக்கு வரும். மேல்கட்டைக்குப் போடும் ஹாரன் டிரைவரில் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். ஃபெரைட்டில் கையை இழுக்கும் உருண்டை, நியோவில் ஒரு தேங்காயைத் தூக்கின மாதிரி இருக்கும். கீழே விழுந்தாலும் உதறுவதற்கு உள்ளே அவ்வளவு கனம் இல்லை. ஒரு டாப் பெட்டி சில கிலோ குறைந்தால் என்ன ஆகும் என்று, வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமையாகக் கொண்டுபோனவர்களைக் கேளுங்கள். நானும் ஒரு காலத்தில் சின்ன ஜெனரேட்டரோடு அந்த இறக்கம் இறங்கியிருக்கிறேன். இறங்கும்போது முழங்கால் பேசும். ஏறும்போது மூச்சு பேசும்.

ஆனால் நியோவுக்கு எதிரி இரண்டு. ஒன்று சூடு. ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால் அதில் சத்தமாக வெளியே வருவது சில வாட்தான். மீதியெல்லாம் காயிலில் சூடு. அந்தச் சூடு இரும்புக்குப் போய், இரும்பிலிருந்து காந்தத்துக்குப் போகும். சாதாரணத் தர நியோ காந்தம் 80 டிகிரி வரைதான் தாங்கும். அதைத் தாண்டினால் இழந்த பலத்தில் ஒரு பகுதி ஆறினாலும் திரும்பாது. ஃபெரைட்டோடு ஒப்பிடும்போது இதுதான் என் மனதில் முதலில் நிற்கும் வித்தியாசம். டிஸ்ப்ரோசியம் என்ற அரிய உலோகம் சேர்த்த உயர்ந்த தரங்கள் 120, 150 டிகிரி வரை தாங்கும், நல்ல கம்பெனிகள் அதைத்தான் போடுகின்றன, பின்னால் சூட்டை வெளியேற்ற அலுமினிய மடிப்புகளும் வைக்கின்றன. லேபிள் இல்லாமல் சந்தைக்கு வரும் நியோவில் எந்தத் தரம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரவு முழுக்கக் கூத்து நடக்கும் ஊரில் ஆம்ப் கிளிப் அடிக்கிற, அதாவது தன் எல்லையைத் தாண்டுகிற, சிவப்பு விளக்கு எரிய எரிய ஓட்டினால், அந்த ஸ்பீக்கர் எரியாமலேயே மெலிந்துவிடும். ஓனருக்கு ஆம்ப் மேல் சந்தேகம் வரும்.

இரண்டாவது எதிரி நம் மூட்டம். நியோ காந்தத்தின் எடையில் பெரும்பகுதி இரும்பு. மேலே நிக்கல் பூச்சு இருக்கும்வரை கவலை இல்லை. பூச்சில் ஒரு கீறல் விழுந்து ஈரம் உள்ளே போனால் உப்பிப் பொடியாக உதிரும். பல நியோ ஸ்பீக்கர்களில் காந்தம் காயிலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பொடி உதிர்ந்தால் நேராக இடைவெளிக்குள்தான். மழைக்கால வேலை முடிந்து வந்த பெட்டியைத் தார்ப்பாயால் இறுக்கி மூடி வைக்காதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிவிடும். காற்றாட விட்டு, மறுநாள் அரை மணி நேரம் குறைந்த சத்தத்தில் பாட்டுப் போட்டு வையுங்கள். காயில் சூடே உள்ளே உலர்த்திவிடும்.

விலையும் நிலையானதாக இல்லை. நியோவுக்கான மூலப்பொருளும் காந்தமும் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றன. 2010இல் அங்கே ஏற்றுமதியைச் சுருக்கினார்கள், 2011இல் உலகம் முழுக்க விலை எகிறியது. 2025 ஏப்ரலில் டிஸ்ப்ரோசியம் போன்ற தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் மறுபடி கட்டுப்பாடு வந்தது. ஆறு ஸ்பீக்கரையும் நியோவாக வாங்கி, அடுத்த வருஷம் ஒன்று போனால், அதே விலைக்குக் கிடைக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்க முடியாது.

ஆல்நிகோ இவற்றுக்கெல்லாம் மூத்தது. அலுமினியம், நிக்கல், கோபால்ட். 1931இல் ஜப்பானில் மிஷிமா என்பவர் தொடங்கிவைத்த குடும்பம். பழைய குழாய் ஒலிபெருக்கிகளின் யூனிட்டுக்குள் இது இருக்கும். சூட்டுக்கு இதுபோல் அசராத காந்தம் நம் தொழிலில் வேறில்லை. ஒரு டிகிரிக்கு 0.02 சதவீதம்தான் இறங்கும், ஃபெரைட்டில் பத்தில் ஒரு பங்கு. பிறகு ஏன் போய்விட்டது என்றால், கோபால்ட். 1978இல் ஜைரில் (இன்றைய காங்கோவில்) சண்டை வந்து கோபால்ட் விலை ஏறியதும் ஸ்பீக்கர் கம்பெனிகள் ஃபெரைட்டுக்கு மாறிவிட்டன.

ஆல்நிகோவில் சத்தம் தேன் மாதிரி என்று சொல்பவர்கள் உண்டு. நானும் கேட்டு உருகியிருக்கிறேன். ஆனாலும் அந்த இனிமையில் பெரும்பங்கு அக்காலத்து லேசான கோனுக்குத்தான் என்பது என் அபிப்பிராயம். காயிலில் ஓடும் மின்னோட்டம் காந்தப் புலத்தையே அசைத்துவிடாமல் ஆல்நிகோ கொஞ்சம் தடுக்கும் என்பது உண்மை. இன்று நல்ல ஃபெரைட் ஸ்பீக்கரில் கம்பத்தில் ஒரு செம்பு வளையம் போட்டு அதே வேலையைச் செய்துவிடுகிறார்கள். பேஸுக்கு ஃபெரைட் வாங்கும்போது அந்த வளையம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

தம்பியிடம் அவன் அப்பா காலத்து யூனிட் நாலு இருக்கிறது. அதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தொழில் பழகிய காலத்தில் இப்படி ஒரு ஆல்நிகோ யூனிட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று காந்தத்தையே தனியாகக் கழற்றி மேசையில் வைத்தேன். திரும்பப் பூட்டினேன். சத்தம் பாதிகூட இல்லை. இரும்புச் சுற்றைவிட்டு வெளியே எடுத்தால் ஆல்நிகோ தன் பலத்தைத் தானே தின்றுவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பக் காந்தம் ஏற்றும் கருவி இருக்கும் இடத்துக்கு அனுப்பித்தான் சரிசெய்ய முடிந்தது. அந்த யூனிட்டின் சொந்தக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்னும் மனதில் இருக்கிறது. டயாபிரம், அதாவது உள்ளே அதிர்ந்து சத்தம் எழுப்பும் மெல்லிய தகடு, அதை மாற்றலாம், காந்தத்தின் மேல் கை வைக்கக் கூடாது.

காந்தமே இல்லாமல் கம்பிச் சுருளில் மின்சாரம் ஓட்டிப் புலம் உண்டாக்கும் வகையும் இருக்கிறது. இன்றைய கோன் ஸ்பீக்கருக்கு முன்னோடியாக 1925இல் அமெரிக்காவின் ரைஸும் கெல்லாக்கும் செய்த ஸ்பீக்கர்கள் அப்படித்தான். அதற்கென்றே தனியாக மின்சாரம் வேண்டும், நமக்கு ஆகாது.

டாப்பில் நியோ ஏன் என்பது இப்போது தெரிந்திருக்கும். டாப் பெட்டிதான் ஸ்டாண்டில் ஏறுகிறது, கோபுரத்துக்கு எதிர்த்த மரத்தில் தொங்குகிறது, நடந்துபோகும் ஊர்களுக்கு ஆள் தோளில் போகிறது. அதில் பேச்சும் பாட்டும்தான் போகிறது. பேஸ் அளவுக்கு அதில் சூடு ஏறுவதில்லை. பேஸ் பெட்டி தரையில் உட்கார்ந்து இரவெல்லாம் அடி வாங்குகிறது. அங்கே எடை தொந்தரவு செய்யாது, சூடு தொந்தரவு செய்யும். சூட்டில் மெலிந்தாலும் காலையில் திரும்பி வரும் காந்தம் அங்கே இருக்கட்டும். இரண்டு பேர் பிடித்து ஏற்றி இறக்க வேண்டும், பெட்டிக்கு அடியில் பழைய டயர்த் துண்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

தம்பி ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அண்ணே, எல்லாத்தையும் ஃபெரைட்டாவே வாங்கினா மிச்சக் காசுல ஒரு பெரிய ஆம்ப் வாங்கலாமே?" நியாயமான கேள்வி. ஜீப் நேராகப் போகும் ஊர்களில் மட்டும் தொழில் செய்கிறவர் தாராளமாக அப்படிச் செய்யலாம். டெசிபல் எண் நன்றாக இருக்கும் ஃபெரைட் டாப் இன்றும் கிடைக்கிறது. அவனுக்கு அடுக்கம், தாண்டிக்குடிக்கு உள்ளே இருக்கும் காட்டு ஊர்கள் எல்லாம் வாடிக்கை. அதனால் வேண்டாம் என்றேன்.

மாசியில் வாங்கினான். நாலு டாப்பும் நியோ, பேஸ் இரண்டும் செம்பு வளையம் வைத்த ஃபெரைட். கூடவே டாப்புக்கு இரண்டு டயாபிரம் உபரியாக வாங்கச் சொன்னேன், நியோ டிரைவர்களுக்கு அது பிறகு கிடைப்பதுதான் பாடு. முதல் வேலை ஒரு காது குத்து. மறுநாள் காலை போன் செய்தபோது தவில் எப்படிக் கேட்டது என்றுதான் நான் கேட்டேன். "அடி நிக்குதுண்ணே, வால் இல்ல" என்றான். அப்பா காலத்துக் குழாய்கள் நாலையும் துடைத்துச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டானாம். கழற்றவில்லை என்று இரண்டு தரம் சொன்னான்.